அந்தக் கணுக்காலுக்கு என்ன விலை?

அமெரிக்காவின் என்பிஏ கூடைப்பந்து லீகைத் தொடர்ந்து பார்ப்பவர்களுக்கு அக்டோபர் மாதம் ஒரு தனி ரகம். சீசன் இன்னும் சூடுபிடித்திருக்காது, ஆனால் வாக்குவாதம் அதற்கு முன்பே தொடங்கிவிடும். மூன்று வருடம் ஆடி முடித்த இளம் வீரர்களில் யாருக்கு ஒப்பந்தத்தை நீட்டிப்பது, யாரை இன்னும் ஒரு வருடம் காக்க வைப்பது என்று அணிகள் முடிவெடுக்கும் நேரம் அது. நண்பர்களோடு பேசும்போது வருடா வருடம் ஒரே கேள்விதான் எழும்: "அப்படி என்ன சாதிச்சுட்டான்னு இவ்வளவு காசு?" எனக்கு அந்தக் கேள்வியில் உடன்பாடு இல்லை. சாதித்ததற்கான கூலியாக இந்த நீட்டிப்பை நினைத்தால் பாதிக் கணக்கு அங்கேயே தப்பிவிடும்.

விதியை முதலில் சொல்லிவிடுகிறேன். அணிகள் வருடா வருடம் புதிய இளம் வீரர்களை முறை வைத்துத் தேர்ந்தெடுப்பதற்கு டிராஃப்ட் என்று பெயர். அதன் முதல் சுற்றில் தேர்வாகும் வீரருக்கு நான்கு வருட ஒப்பந்தம். எத்தனையாவது ஆளாகத் தேர்வானார் என்பதைப் பொறுத்துச் சம்பளம் ஏறக்குறைய முன்கூட்டியே முடிவாகியிருக்கும். மூன்றாவது, நான்காவது வருடங்களை வைத்துக்கொள்வதா வேண்டாமா என்பது அணியின் விருப்பம். மூன்றாவது சீசன் முடிந்த கோடையில் ஒரு சன்னல் திறக்கும். புதிய சீசன் தொடங்கும் நேரத்துக்குள், 2012இல் அது அக்டோபர் 31, இருவரும் ஒத்துக்கொண்டால் ஒப்பந்தம் நீளும். புதிய சம்பளம் ஐந்தாவது வருடத்திலிருந்துதான் நடைமுறைக்கு வரும். அதாவது, இருபத்து மூன்று வயதில் ஒருவரைப் பார்த்து, இருபத்து நான்கிலிருந்து இருபத்து எட்டு வரை அவர் எப்படி ஆடுவார் என்பதற்கு இன்றே விலை சொல்ல வேண்டும். மாந்தோப்பைப் பூவில் பார்த்துக் குத்தகை பேசுவார்களே, ஏறக்குறைய அந்த மாதிரி வேலை.

நீட்டிக்காவிட்டால் என்ன ஆகும்? வீரர் நான்காவது வருடத்தை ஆடி முடிப்பார். பிறகு ரெஸ்ட்ரிக்டட் ஃப்ரீ ஏஜென்ட் ஆவார். வேறு அணி எவ்வளவு தருவதாகச் சொன்னாலும், அதே தொகையைத் தந்து பழைய அணி அவரை வைத்துக்கொள்ளலாம். அதனால்தான் பொது மேலாளர்கள் பலர், "பொறுத்திருந்தால் நமக்கு ஒன்றும் நஷ்டமில்லை" என்று நினைக்கிறார்கள். இந்த நினைப்பைத்தான் நான் ஏற்க மாட்டேன். இதற்கு 2012 அக்டோபரின் கடைசி வாரத்தைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியாது. ஐந்து நாட்களுக்குள் இரண்டு அணிகள் இரண்டு பையன்களைப் பற்றி முடிவெடுத்தன. ஒருவர் கோல்டன் ஸ்டேட் வாரியர்ஸின் ஸ்டீஃபன் கர்ரி, இன்னொருவர் ஓக்லஹோமா சிட்டி தண்டரின் ஜேம்ஸ் ஹார்டன். இரண்டு பேருமே 2009 டிராஃப்டில் வந்தவர்கள். ஹார்டன் மூன்றாவது தேர்வு, கர்ரி ஏழாவது.

இன்றைய கர்ரியை மறந்துவிட்டு அன்றைய கர்ரியைப் பார்க்க வேண்டும். கோல்டன் ஸ்டேட் வாரியர்ஸ் அப்போது தோற்றுப் பழகிய அணி. முதல் சீசனில் அவர் 80 ஆட்டம் ஆடி, ஆட்டத்துக்குச் சராசரியாக 17.5 புள்ளி எடுத்தார். இரண்டாவது சீசனில் 74 ஆட்டம், 18.6 புள்ளி. அந்த இரண்டாவது வருடத்தில்தான் வலது கணுக்கால் திரும்பத் திரும்பப் பிரள ஆரம்பித்தது. 2011 மே மாதம் தசைநாரைச் சரிசெய்ய அறுவை சிகிச்சை. அடுத்த சீசன், முதலாளிகளுக்கும் வீரர்களுக்கும் இடையிலான தகராறால் 66 ஆட்டங்களாகச் சுருங்கியது. அந்த 66இலும் கர்ரியால் 26தான் ஆட முடிந்தது. அதே கால், அதே இடம்.

2012 ஏப்ரலில் மறுபடியும் கத்தி. இந்த முறை என்ன செய்யப் போகிறார்கள் என்பது திறந்து பார்க்கும் வரை உறுதியாகத் தெரியாத நிலை. தசைநார்கள் மறுபடி கெட்டுப்போயிருந்தால் மொத்தமாகப் புதிதாகக் கட்ட வேண்டும்; அப்படியானால் பல மாதங்கள் போய்விடும், பழைய வேகம் திரும்புமா என்பதும் சந்தேகம். உள்ளே கருவியைவிட்டுப் பார்த்தபோது தசைநார்கள் நன்றாகவே இருந்தன. முந்தைய காயங்களால் சேர்ந்திருந்த தழும்புத் திசுவையும் கழிவுகளையும் சுத்தம் செய்துவிட்டு மூடினார்கள்.

கூடைப்பந்து ஆடியவர்களுக்கு இந்தக் காயத்தை விளக்க வேண்டியதில்லை. நான் ஆடியதெல்லாம் சிமெண்டுத் தரையில்தான். துள்ளி இறங்கும்போது எதிராளியின் ஷூ மேல் நம் பாதம் பாதி பட்டால் போதும், கணுக்கால் உள்பக்கமாக மடங்கி ஒரு சத்தம் கேட்கும். வீக்கம் சில வாரத்தில் வடிந்துவிடும், ஆனால் பயம் வடிவதற்கு வெகுநாள் ஆகும். ஓடிவந்து சட்டென்று நின்று எறிய வேண்டிய இடத்தில் கால் தானாக ஒரு அடி கூடுதலாக எடுத்து வைக்கும். அந்த ஒரு அடிக்குள் எதிராளி வந்து மறைத்துவிடுவான். கர்ரியின் ஆட்டம் முழுக்கவே அந்தச் சட்டென்று நிற்பதில்தான் இருக்கிறது. உயரம் அதிகமில்லை, முட்டி மோதி உள்ளே நுழையும் உடம்பும் இல்லை. திசை மாற்றி, நின்று, அரை நொடியில் எறிய வேண்டும். அப்படிப்பட்டவருக்குக் கணுக்கால் நம்பிக்கை தராவிட்டால் வேறு எது இருந்தும் பிரயோசனமில்லை.

இது போதாதென்று, 2012 மார்ச்சில் வாரியர்ஸ் அணி மோன்டா எல்லிஸை மில்வாக்கிக்கு அனுப்பிவிட்டு ஆண்ட்ரூ போகட்டை வாங்கியது. எல்லிஸ் ரசிகர்களின் செல்லப்பிள்ளை. போகட் உடைந்த கணுக்காலோடு உட்கார்ந்திருந்தவர். சில நாள் கழித்து, முன்னாள் வீரர் கிறிஸ் மல்லினின் பழைய ஜெர்சி எண்ணுக்கு மரியாதை செய்யும் விழாவில் அணி உரிமையாளர் ஜோ லேகப் மைக்கைப் பிடித்ததும் அரங்கமே கூச்சலிட்டு அவரைப் பேசவிடவில்லை. எல்லிஸ் போய்விட்டார் என்றால் இனி அணி கர்ரியுடையது என்று பொருள். அந்தக் கர்ரியோ காலில் கட்டோடு இருக்கிறார். அணி அப்போது ஆடிய ஓக்லண்டு நகர ரசிகர்களின் கோபத்தை என்னால் இன்றும் குறை சொல்ல முடியாது.

அந்த ஏப்ரலில்தான் பாப் மையர்ஸ் பொது மேலாளர் ஆகியிருந்தார். அக்டோபரில், சீசனுக்கு முந்தைய பயிற்சி ஆட்டம் ஒன்றில் அதே கால் மறுபடியும் லேசாகப் பிரண்டது. பேச்சு நடந்துகொண்டிருக்கும்போதே இப்படி. கடைசியில் கெடு முடியும் நாளில், அக்டோபர் 31 அன்று, நான்கு வருடத்துக்கு 4 கோடியே 40 லட்சம் டாலர் என்று கையெழுத்தானது.

இந்தத் தொகையை எப்படிப் புரிந்துகொள்வது? கூட வந்தவர்களைப் பாருங்கள். அதே டிராஃப்டில் 18வது ஆளாக வந்த டை லாசனுக்கு டென்வர் அணி அதே வாரம் நான்கு வருடத்துக்கு 4 கோடியே 80 லட்சம் கொடுத்தது. ஆமாம், கர்ரியைவிட அதிகம். 17வதாக வந்த ஜ்ரூ ஹாலிடேக்கு ஃபிலடெல்ஃபியா 4 கோடியே 10 லட்சம். முதல் ஆளாக வந்த பிளேக் கிரிஃபினுக்கு கிளிப்பர்ஸ், ஒரு வீரருக்கு விதி அனுமதிக்கும் முழு உச்ச சம்பளத்தில் ஐந்து வருடம். பத்தாவது ஆளான பிராண்டன் ஜென்னிங்ஸ், தன் முதல் மாதத்திலேயே இதே வாரியர்ஸுக்கு எதிராக 55 புள்ளி எடுத்து அமர்க்களப்படுத்தியவர், அவருக்கு மில்வாக்கி நீட்டிப்பே தரவில்லை. சந்தையின் கணக்கில் கர்ரி நல்ல பாயிண்ட் கார்டுகளில், அதாவது பந்தைக் கொண்டுவந்து ஆட்டத்தை நடத்துபவர்களில், ஒருவர், அவ்வளவுதான். உச்ச சம்பளத்துக்கும் அவருக்குக் கிடைத்ததற்கும் இருந்த இடைவெளி இருக்கிறதே, அதுதான் அந்தக் கணுக்காலுக்காகக் கழித்துக்கொண்ட தொகை.

அன்றைக்கு இந்த ஒப்பந்தத்தைத் துணிச்சலான சூதாட்டம் என்று சொன்னவர்கள் உண்டு. நான் அதைச் சூதாட்டமாகப் பார்க்கவில்லை. சந்தேகம் எங்கே இருக்கிறது என்று மையர்ஸ் தரப்பு பிரித்துப் பார்த்திருக்கிறது. மூன்று புள்ளி எறிதலில் கர்ரியின் சதவீதம் முதல் வருடம் 43.7. இரண்டாவது வருடம் 44.2. நொண்டிக்கொண்டே ஆடிய அந்த மூன்றாவது வருடம் 45.5. இரண்டாவது வருடத்தில், யாரும் மறைக்காமல் நின்று எறியும் ஃப்ரீ த்ரோவில் 93.4 சதவீதம், லீகிலேயே முதல் இடம். கால் மோசமாகிக்கொண்டே போன அதே காலத்தில் கை மேலும் மேலும் நேராகிக்கொண்டிருந்தது. ஆக, ஆட்டத்தில் சந்தேகம் இல்லை. உழைப்பிலும் சந்தேகம் இல்லை. அதைத் தினமும் பயிற்சிக்கூடத்தில் நேரில் பார்க்கும் வாய்ப்பு அவர்களுக்குத்தான் இருந்தது. மிச்சம் இருந்தது ஒரு மூட்டு. அதையும் மருத்துவர் திறந்து பார்த்து, அடிப்படை கெடவில்லை என்று சொல்லியாகிவிட்டது.

வெளியில் இருந்து பார்க்கும் நமக்கு "26 ஆட்டம்" என்ற எண் மட்டும்தான் தெரியும். உள்ளே இருப்பவர்களுக்கு அந்த 26க்குப் பின்னால் இருக்கும் காரணம் தெரியும், அல்லது தெரிந்திருக்க வேண்டும். ஒரு இளம் வீரருக்கு நீட்டிப்பு தருவதா என்று யோசிக்கும் அணி தன்னிடம் கேட்க வேண்டிய கேள்வி இதுதான் என்று நான் நம்புகிறேன்: இவனைத் தடுத்துக்கொண்டிருப்பது என்ன? அது சரியாகக்கூடியதா? மற்ற இருபத்தொன்பது அணிகளைவிட இதற்கான பதில் நமக்கு நன்றாகத் தெரியுமா? மூன்றுக்கும் தெளிவான பதில் இருந்தால் அக்டோபரிலேயே கையெழுத்துப் போட்டுவிட வேண்டும். பதில் இல்லையென்றால் மூன்று வருடமாக அந்தப் பையனை வைத்துக்கொண்டு என்ன பார்த்தார்கள் என்றுதான் கேட்கத் தோன்றும்.

பிறகு நடந்தது எல்லோருக்கும் தெரியும், வேகமாகச் சொல்லிவிடுகிறேன். அந்த சீசனிலேயே கர்ரி 78 ஆட்டம் ஆடினார். 272 மூன்று புள்ளி எறிதல்கள், ஒரு சீசனுக்கு ரே ஆலனின் 269 என்ற சாதனை போயிற்று. பிப்ரவரியில் நியூயார்க்கின் மாடிசன் ஸ்கொயர் கார்டனில் ஒரே இரவில் 54 புள்ளி, 13 தூர எறிதல்களில் 11 உள்ளே. 2015இலும் 2016இலும் லீகின் சிறந்த வீரர் விருது, அதில் இரண்டாவது ஒரு ஓட்டுகூடச் சிதறாமல் கிடைத்தது. கால்? பின்னால் அணிக்கு வந்த உடற்பயிற்சியாளர் கீக்கி லைல்ஸ், பாரத்தை இடுப்புக்கும் தொடைக்கும் மாற்றும் விதமாக அவர் உடலைப் பழக்கினார். இடுப்பு தாங்க வேண்டிய சுமையையும் சேர்த்து அதுவரை கணுக்கால் தாங்கிக்கொண்டிருந்தது என்பதுதான் அதற்குப் பின்னால் இருந்த யோசனை. கையெழுத்து போட்ட நாளில் இந்த வழி யாருக்கும் முழுதாகத் தெரிந்திருக்காது. வழி கண்டுபிடிக்க முடியும் என்ற நம்பிக்கை மட்டும் இருந்தது.

இப்போது ஹார்டன். என்னைப் பொறுத்தவரை கூடைப்பந்தில் இவ்வளவு வருத்தம் தரும் கதைகள் குறைவு. ஓக்லஹோமா சிட்டி தண்டர் 2012 கோடையில் லீகின் இறுதிச் சுற்றுக்கு வந்து மயாமியிடம் தோற்ற அணி. கெவின் டுராண்ட், ரசல் வெஸ்ட்புரூக், ஹார்டன், செர்ஜ் இபாகா. யாருக்கும் இருபத்து நான்கு வயதுகூட ஆகவில்லை. ஹார்டன் அந்த வருடம் மாற்று வீரராக இறங்கிச் சராசரி 16.8 புள்ளி எடுத்து, சிறந்த ஆறாவது வீரர் விருதை வாங்கியிருந்தார். டுராண்டுக்கும் வெஸ்ட்புரூக்குக்கும் ஏற்கெனவே உச்ச சம்பளம். ஆகஸ்டில் இபாகாவுக்கும் நீட்டிப்பு கொடுத்தாகிவிட்டது. மிச்சம் ஹார்டன்.

இங்கே ஆட்டத்தில் சந்தேகமே இல்லை. இறுதிச் சுற்றில் அவர் சரியாக ஆடவில்லை என்பது உண்மை, ஆனால் அந்த ஐந்து ஆட்டத்தை வைத்து யாரும் அவரை எடை போட்டிருக்க மாட்டார்கள். பிரச்சினை முழுக்கப் பணம். புதிய தொழிலாளர் ஒப்பந்தத்தில் ஒரு அணியின் மொத்தச் சம்பளத்துக்கான உச்சவரம்பை மிகவும் தாண்டும் அணிகளுக்கான சொகுசு வரி கடுமையாக ஏறப்போகிறது. ஓக்லஹோமா சிட்டி சின்ன ஊர், வருமானமும் அதற்கேற்ற அளவில்தான். ஐந்து வருட நீட்டிப்பு என்ற சலுகையை அன்றைய விதிப்படி ஒரு அணி ஒரு இளம் வீரருக்குத்தான் தர முடியும். அதையும் வெஸ்ட்புரூக்குக்கே கொடுத்தாயிற்று. பொது மேலாளர் சாம் பிரெஸ்டி நான்கு வருடத்துக்கு உச்ச சம்பளத்தைவிடச் சற்றுக் குறைவாகத் தர முன்வந்தார். வித்தியாசம், நான்கு வருடத்துக்கும் சேர்த்தே, ஒரு கோடி டாலர்கூட இல்லை. ஹார்டன் ஒத்துக்கொள்ளவில்லை. அக்டோபர் 27 அன்று அவரை ஹூஸ்டனுக்கு அனுப்பிவிட்டார்கள். பதிலுக்குக் கெவின் மார்ட்டின், ஜெரமி லாம்ப், சில டிராஃப்ட் வாய்ப்புகள்.

ஹூஸ்டன் அவருக்கு ஐந்து வருடத்துக்கு ஏறக்குறைய 8 கோடி டாலர் கொடுத்தது. அக்டோபர் 31 இரவு, கர்ரி கையெழுத்திட்ட அதே நாள், புது ஜெர்சியில் முதல் ஆட்டம். டெட்ராய்ட்டுக்கு எதிராக 37 புள்ளி, 12 அசிஸ்ட் (கூட ஆடுபவர் புள்ளியாக்கிய பாஸ்). அடுத்த ஆட்டத்தில் 45 புள்ளி. கர்ரியின் கை அன்றிரவு ஃபீனிக்ஸில் ஓடவே இல்லை, ஒற்றை இலக்கத்தோடு நின்றார். அந்த ஒரு நாளின் ஸ்கோரை மட்டும் பார்த்தவர்கள் ஹூஸ்டன் ஜெயித்தது, வாரியர்ஸ் ஏமாந்தது என்றுதான் சொல்லியிருப்பார்கள்.

பிரெஸ்டியைத் திட்டுபவர்களோடு நான் முழுக்கச் சேர மாட்டேன். அவர் சொன்ன கணக்கில் தப்பில்லை. ஹார்டனுக்கு ஈடாக வாங்கிய வாய்ப்புகளில் ஒன்றில்தான் ஸ்டீவன் ஆடம்ஸ் வந்தார்; நல்ல வீரர், ரொம்ப நாள் அணிக்கு உழைத்தவர். என் குறை வேறு. அந்த அக்டோபரில் ஹார்டனுக்குக் கையில் இன்னும் ஒரு வருட ஒப்பந்தம் இருந்தது. அந்த வருடத்தையும் நால்வரோடு ஆடிப் பார்த்திருக்கலாம். பேச்சு முறிந்த கையோடு விற்றுவிட்டார்கள். இருபத்து மூன்று, இருபத்து நான்கு வயதில் எல்லோரும் சேர்ந்து இன்னொரு முறை இறுதிச் சுற்றுக்குப் போகும் வாய்ப்பை, வரப்போகும் ஒரு வரிக்காக விட்டுக்கொடுத்தார்கள். டுராண்ட் இருந்த வரை தண்டர் மறுபடி இறுதிச் சுற்றை எட்டவே இல்லை. 2016இல் மேற்குப் பகுதியின் கடைசிக் கட்டத்தில் 3-1 என்று முன்னால் இருந்தும் தோற்றார்கள். யாரிடம்? கர்ரியின் வாரியர்ஸிடம். அடுத்த சில வாரத்தில் டுராண்ட் அதே வாரியர்ஸில் போய்ச் சேர்ந்தார்.

அப்படி அவர் போய்ச் சேர முடிந்ததற்குக் காரணங்களில் ஒன்று அந்த 4 கோடியே 40 லட்சம்தான். 2016இல் லீகின் சம்பள உச்சவரம்பு 7 கோடியிலிருந்து ஒரேயடியாக 9 கோடியே 41 லட்சமாக ஏறியது. உலகின் மிகச் சிறந்த வீரர் என்று பெயரெடுத்திருந்த கர்ரியின் அந்த வருடச் சம்பளம் 1 கோடியே 21 லட்சம் மட்டுமே. டுராண்ட் வாங்கியது 2 கோடியே 65 லட்சம். கிளே தாம்சனும் டிரேமண்ட் கிரீனும்கூடக் கர்ரியைவிட அதிகம் வாங்கினார்கள். டிவி ஒப்பந்தப் பணத்தால் உச்சவரம்பு இப்படி எகிறும் என்று 2012இல் யாரும் கணக்குப் போட்டிருக்க முடியாது, அதில் அதிர்ஷ்டமும் உண்டு. ஆனால் முன்கூட்டியே நம்பிக் கொடுத்தவர்களுக்குத்தான் அந்த அதிர்ஷ்டம் வந்து சேர்ந்தது.

இதில் எனக்கு ஒரு உறுத்தல் உண்டு. "தகுதி" என்று பேசும்போது அணிக்கு லாபமா என்று மட்டுமே பார்க்கிறோம். நான்கு வருடம் கர்ரி வாங்கியது அவர் ஆட்டத்துக்குக் கொஞ்சமும் பொருந்தாத கூலி. அடுத்தவர் பணத்தை எண்ணாதே என்று அப்பா சொல்லிக்கொடுத்திருக்கிறார் என்று கர்ரி சொன்னது பிரபலம். அப்பா டெல் கர்ரி பதினாறு சீசன் என்பிஏவில் ஆடியவர், அந்த உலகத்தை அறிந்து சொன்னவர். கர்ரியின் பெருந்தன்மை அது. ஆனால் எல்லாப் பையன்களிடமும் அந்தப் பெருந்தன்மையை எதிர்பார்க்க நமக்கு உரிமை இல்லை. இரண்டு அறுவை சிகிச்சை முடிந்த இருபத்து நான்கு வயதுக்காரர், நாளைக்குக் கால் போனாலும் குடும்பம் நிற்கும் என்று உறுதி தேடுவது நியாயம். அந்த உறுதியைக் கொடுப்பதற்காக அணி கொஞ்சம் கழித்துக்கொள்வதும் நியாயம்தான். ஆட்டம் மாறிய பிறகு அந்தக் கழிவை யாரும் திருப்பித் தருவதில்லை என்பது மட்டும் எனக்கு உறுத்திக்கொண்டே இருக்கிறது. 2017இல் ஐந்து வருடத்துக்கு 20 கோடியே 10 லட்சம் டாலருக்கு அவர் கையெழுத்திட்டபோது நான் உண்மையாகவே மகிழ்ந்தேன்.

ஜிம்மி பட்லர் எதிர்ப்பக்கம் நின்றவர். 2011இல் முதல் சுற்றின் கடைசி ஆளாக, 30வதாக, சிகாகோ புல்ஸுக்கு வந்தார். 2014 அக்டோபரில் அணி கொடுத்த விலை அவருக்குப் போதவில்லை, வேண்டாம் என்றார். அதற்கு முந்தைய கோடையில் ஹூஸ்டனில் ஒரு வீட்டை வாடகைக்கு எடுத்து, கவனம் சிதறக் கூடாது என்று கேபிளும் இணையமும் இல்லாமல் இருந்தார். பொழுதுபோக்கு எதுவும் இல்லையென்றால் சலிப்பில் ஜிம்முக்குத்தானே போக வேண்டும்! அந்த சீசனில் சராசரி 20 புள்ளி, மிகவும் முன்னேறிய வீரர் விருது, பிறகு ஐந்து வருடத்துக்கு 9 கோடி டாலருக்கு மேல். காத்திருந்ததால் புல்ஸுக்குச் செலவு கூடியது. அவர்களுக்கு அந்தப் பையனின் உள்ளுரம் தெரிந்திருக்க வேண்டாமா? மூன்று வருடம் கண்ணெதிரே இருந்தவர்.

காத்திருப்பது எப்போதும் தவறு என்று சொல்ல வரவில்லை. அதே 2014இல் சான் அன்டோனியோ, இறுதிச் சுற்றின் சிறந்த வீரரான கவாய் லெனர்டுக்கே நீட்டிப்பு தராமல் விட்டது. கையெழுத்து போடாமல் இருந்தால் அடுத்த கோடையில் அவர் பெயரில் சம்பள உச்சவரம்புக் கணக்கில் நிற்கும் தொகை குறைவாக இருக்கும். அந்த இடைவெளியில் லமார்கஸ் ஆல்ட்ரிஜை வாங்கிவிட்டு, அதன் பிறகு கவாய்க்கு முழு உச்ச சம்பளம் கொடுத்தார்கள். எதற்காகக் காத்திருக்கிறோம் என்று தெரிந்து காத்திருந்தார்கள். "பார்ப்போம்" என்று காலம் தள்ளுவதற்கும் இதற்கும் நிறைய தூரம்.

கொடுத்துக் கெட்ட கதையும் உண்டு. 2017இல் மினசோட்டா அணி ஆண்ட்ரூ விகின்ஸுக்கு ஐந்து வருடத்துக்குக் கிட்டத்தட்ட 15 கோடி டாலர் கொடுத்தது. ஆட்டத்துக்கு 23 புள்ளி எடுத்துக்கொண்டிருந்த பையன், காயமே இல்லை, எல்லா ஆட்டமும் ஆடுவார். உரிமையாளர் கிளென் டெய்லர், இன்னும் உழைத்து முன்னேறுவேன் என்ற உறுதியை விகின்ஸ் தன்னிடம் நேரில் சொல்ல வேண்டும் என்று கேட்டார். அப்படி நேரில் கேட்டாக வேண்டியிருந்ததே எனக்குப் பதிலாகப் படுகிறது. மூன்று வருடம் அவர் பயிற்சியைப் பார்த்தவர்களுக்கு அது முன்பே தெரிந்திருக்க வேண்டும். மினசோட்டாவில் விகின்ஸ் அதற்கு மேல் வளரவில்லை. 2020இல் அவரை வாரியர்ஸுக்கு அனுப்பினார்கள், ஒரு முதல் சுற்று வாய்ப்பையும் கூடவே சேர்த்துக் கொடுத்து. அங்கே கர்ரிக்குப் பக்கத்தில், எதிரணியின் முக்கியமான ஆளைத் தடுப்பதும் குறி தவறித் திரும்பும் பந்தைப் பிடித்து ரீபவுண்டு எடுப்பதுமே உன் வேலை என்றதும் ஆள் மாறிப்போனார். 2022 கோப்பையை வென்றதில் அவர் பங்கு பெரிது. அப்படியானால் குறை முழுக்க அவரிடம் இல்லை. அவருக்கு எந்த வேலை பொருந்தும் என்று மினசோட்டாவுக்குத் தெரியவில்லை.

விகின்ஸோடு வந்த அந்த முதல் சுற்று வாய்ப்புதான் 2021 டிராஃப்டில் ஏழாவது இடமாக விழுந்தது. அதில் வாரியர்ஸ் எடுத்தது ஜோனதன் குமிங்காவை. காங்கோவின் கோமா நகரத்துப் பையன். கர்ரியும் ஏழாவது, இவரும் ஏழாவது. 14வது ஆளாக மோசஸ் மூடியையும் அன்று எடுத்தார்கள். 2024 அக்டோபரில் இருவருக்கும் சன்னல் ஒன்றாகத் திறந்தது. மூடிக்கு மூன்று வருடத்துக்கு 3 கோடியே 90 லட்சம். குமிங்காவுக்கு ஒன்றும் இல்லை. முந்தைய சீசனில் சராசரி 16 புள்ளி எடுத்தவர் அவர். மூடி அதில் பாதியளவுதான்.

மூடிக்குக் கொடுத்தது எனக்குப் புரிகிறது. எறிவார், தடுப்பார், கூப்பிட்டபோது வருவார், அணி என்ன கேட்கிறதோ அதைச் செய்வார். சந்தேகமில்லாத ஒரு சின்ன வேலைக்குச் சரியான விலை. குமிங்கா விஷயத்தில்தான் முடிவெடுக்காமல் விட்டார்கள். அவர் குதித்தால் பார்க்கிறவருக்கு மூச்சு நிற்கும். ஆனால் பந்து கையில் இல்லாதபோது எங்கே நிற்பது, யாருக்கு வழிவிடுவது என்பதில் தடுமாற்றம் உண்டு. பயிற்சியாளர் ஸ்டீவ் கெர்ரின் ஆட்டமுறை முழுக்க அதில்தான் ஓடுகிறது. 2025 ஜனவரியில் அவருக்கும் வலது கணுக்கால் மோசமாகப் பிரண்டு, 31 ஆட்டம் போயிற்று. திரும்பி வருவதற்குள் அணியில் ஜிம்மி பட்லர் வந்துவிட்டார், அதே பட்லர்தான். அவரை வாங்குவதற்காக அனுப்பப்பட்டவர்களில் விகின்ஸ் ஒருவர். பட்லரும் குமிங்காவும் ஒரே இடத்தில் நிற்க விரும்புகிறவர்கள். சீசன் கடைசியில் கோப்பைக்கான பிளே-ஆஃப் சுற்றுகள் நெருங்கியபோது குமிங்காவை இறக்கவே இல்லை. பிறகு மினசோட்டாவுக்கு எதிரான சுற்றில் கர்ரிக்குத் தொடையில் அடிபட்டதும் வேறு வழியில்லாமல் கூப்பிட்டார்கள். மூன்றாவது ஆட்டத்தில் 30 புள்ளி எடுத்தார்.

2025 கோடை முழுக்க இழுபறி. ரெஸ்ட்ரிக்டட் ஃப்ரீ ஏஜென்ட் என்ற நிலை எவ்வளவு கொடுமையானது என்பதை அந்த மூன்று மாதத்தில் பார்த்தோம். மற்ற அணிகளிடம் காசு இல்லை, கேட்ட அணிகளுக்கும் வாரியர்ஸ் கொடுக்கவில்லை. குமிங்காவுக்கு வேண்டியது எதிர்காலத்துக்கு ஒரு உறுதி. அணிக்கு வேண்டியது எப்போது வேண்டுமானாலும் விற்கத் தோதான ஒரு ஒப்பந்தம். செப்டம்பர் கடைசியில் இரண்டு வருடம், இரண்டாவது வருடம் அணியின் விருப்பம் என்று முடிந்தது. நான்கு வருடம் கூட இருந்த பிறகும் "எங்களுக்கு இன்னும் தெரியவில்லை" என்று எழுதிக் கொடுத்த காகிதம்தான் அது.

நான் அந்த இடத்தில் இருந்திருந்தால் 2024 அக்டோபரிலேயே இரண்டில் ஒன்று செய்திருப்பேன். கெர்ர் இருக்கும் வரை இவருக்கு இங்கே இடமில்லை என்பது தெளிவாக இருந்தால், சராசரி 16 புள்ளி எடுத்த சூடு ஆறும் முன்பு, அவரை ஆட வைக்கும் அணிக்கு அனுப்பியிருப்பேன். இடம் உண்டு என்றால் மூடிக்கு மாதிரியே, அவர் செய்யக்கூடிய வேலைக்கான விலையைச் சொல்லிக் கையெழுத்து வாங்கியிருப்பேன்; அதில் கொஞ்சம் கூடிப் போனாலும் பரவாயில்லை. இருபத்திரண்டு வயதில் ஒருவரை பெஞ்சில் உட்கார வைத்துவிட்டு, அவர் மதிப்பு ஏறுமா இறங்குமா என்று பார்த்துக்கொண்டிருந்ததில் அணிக்கும் லாபம் இல்லை, அவருக்கும் இல்லை. அதற்குப் பன்னிரண்டு வருடம் முன்பு இதே அணிதான், இதைவிடக் கெட்ட நிலையில் இருந்த ஒரு கணுக்காலைப் பார்த்துவிட்டு, கெடு முடியும் நாளில் பேனாவை எடுத்தது.